நினைவுப் பராமரிப்புப் பிரிவில் என்னைச் சேர்த்த விதமும் நான் அங்கிருந்து வெளியேறியதும்

என் பெயர், என் தகப்பனார் பெயர், காலஞ்சென்ற என் கணவர் பெயர் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ள தாளில் என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது எழுபத்தெட்டு முடிந்து நான்கு மாதம். முதியோர் குடியிருப்பின் முதல் கட்டடத்தில், இரண்டாம் மாடியில், ஏழாம் எண் வீட்டில் மூன்றரை ஆண்டுகளாகத் தனியாக வசித்து வருகிறேன். கன்னியர் மடப் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்தேன். வானிலை நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பணிபுரிந்து, பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். எனக்கு ஒரே மகள். அவள் தன் கணவருடன் இதே ஊரில் வசிக்கிறாள்.

இன்று பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை. காலை பதினொன்றேகால் மணிக்கு இந்தக் காவல் நிலையத்துக்கு நானாகவே வந்தேன். யாரும் அழைத்து வரவில்லை. ஆய்வாளர் அம்மா முன்னிலையில் நான் சொல்லச் சொல்ல நிலைய எழுத்தர் எழுதுகிறார். வேகமாகச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் இரண்டு கட்டடங்கள் உள்ளன. முதல் கட்டடத்தில் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளக் கூடியவர்கள் தனி வீடுகளில் இருக்கிறார்கள். இரண்டாவது கட்டடத்தின் தரைத்தளம் நினைவு தவறியவர்களுக்கான பிரிவு. அதன் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். தனி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. கூப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடிய உறவினர் ஒருவராவது ஊரில் இருக்க வேண்டும். என் விண்ணப்பத்தில் அந்த இடத்தில் என் மகள் பெயர் உள்ளது. நினைவுப் பிரிவில் இருப்பவர்களுக்கு அந்த விதி கிடையாது.

ஆறு மாதத்துக்கு முன் என் மருமகனுக்கு வெகுதூரத்தில் உள்ள ஊருக்கு மாற்றலாகும் என்று தெரிந்தது. மகள் என்னையும் உடன் வரச் சொன்னாள். நான் மறுத்தேன். அதன் பிறகும் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் மறுத்தேன். கடைசி முறை, மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடும் நிலைமை எனக்கு இன்னும் வரவில்லை என்று சொன்னேன். மருமகன் அப்போது அடுத்த அறையில் இருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் சொன்னேன். இதை நான் மறைக்கவில்லை.

அதன் பிறகு சென்ற மாதம் பத்தாம் தேதி மகள் வந்து, எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் குடியிருப்பில் உடல் பரிசோதனை நடக்கிறது என்று சொல்லி, கீழ்த்தளத்தில் இருந்த மருத்துவரிடம் என்னை அழைத்துச் சென்றாள். “சும்மா ஒரு செக்கப்தாம்மா, பத்து நிமிஷம்” என்றாள். மருத்துவர் என் நாடியைப் பார்க்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. இது என்ன வருடம், இது எத்தனையாவது மாடி என்று கேட்டார். ஐந்து சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு ஒரு தாளைத் தள்ளி, கடிகாரம் ஒன்று வரையுங்கள் பாட்டி என்றார்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரியும். ஆனால் முப்பத்தொரு ஆண்டுகள் காற்றையும் மழையையும் அளந்து எழுதிய நான், ஒரு சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்வதாயில்லை. உங்கள் சுவரிலேயே கடிகாரம் இருக்கிறது, அது நான்கு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு வாய் திறக்கவில்லை. மருத்துவர் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். முப்பதுக்கு ஐந்து மதிப்பெண் என்று எழுதினார் என்பது இன்றுதான் எனக்குத் தெரியும். என்ன பரிசோதனை நடக்கிறது என்று தெரிந்த ஒருத்தி அந்த அறையில் இருந்தாள். என் மகள். “பதில் சொல்லும்மா” என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு இந்த மாதம் முதல் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் குடியிருப்பு மேலாளரும் என் மகளும் சேர்ந்து வந்தார்கள். மேலாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. என் வீட்டுக் குளியலறைக் குழாய்களை மாற்ற வேண்டும் என்றும், அதுவரை அடுத்த கட்டடத்தில் தங்க வேண்டும் என்றும் சொன்னார். எத்தனை நாள் என்று கேட்டேன். “ரெண்டே நாள் அம்மா” என்று என் மகள்தான் சொன்னாள், மேலாளர் அல்ல. நான் இரண்டு நாளுக்கான துணி, படிக்கும் கண்ணாடி, பாதி படித்திருந்த ஒரு புத்தகம் ஆகியவற்றை எடுத்து வைத்தேன். பையை மகளே தூக்கிக்கொண்டாள். என் கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் பத்து வயதுக்குப் பிறகு என் கையைப் பிடித்து நடந்ததாக நினைவில்லை. நான் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பிரிவில் பதினான்கு பேர் இருந்தார்கள். இரண்டாம் நாளே அது என்ன இடம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என்னை ஏன் அங்கே வைத்திருக்கிறார்கள் என்பது புரியவில்லை. பகலில் எங்களைப் பார்த்துக்கொண்டவர் உயரமான ஒரு பெண். எல்லாரும் அவரை நெட்டை என்றே கூப்பிட்டார்கள், அவரும் அதற்கே திரும்பிப் பார்ப்பார். கெட்டவர் அல்ல. யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. இருப்பவர்கள் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசக் கூடாது, ஆமாம் என்று சொல்லி வேறு பேச்சுக்குத் திருப்பிவிட வேண்டும். மறுத்தால் அவர்கள் கலவரப்படுவார்களாம். என் அறைக்கு எதிர் அறையில் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் இருக்கிறார். தினமும் காலை ஆறு மணிக்குச் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு கதவருகே வந்து, “வண்டி எடுத்தாச்சா?” என்று கேட்பார். “டிரைவர் டீ குடிக்கிறாருண்ணே, வந்துடுவாரு” என்பார் நெட்டை. “அவன் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குப் பென்ஷன் வந்துடும்” என்று சொல்லிவிட்டு நடத்துநர் போய் உட்கார்ந்துவிடுவார். மூன்றாம் நாள் காலை அவருக்குப் பின்னால் நின்றிருந்த நான், என் வீட்டுக் குழாய் வேலை முடிந்ததா என்று கேட்டேன். “முடிஞ்சிட்டே இருக்கும்மா, வந்துடும்” என்றார் நெட்டை. அதே குரல், அதே தலையசைப்பு.

நான் மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். கண்டிப்பாகப் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு நோய் எதுவும் இல்லை என்றேன். உங்களுக்கென்ன அம்மா, நல்லாத்தானே இருக்கீங்க என்றார்கள். என்னை இங்கே ஏமாற்றி வைத்திருக்கிறார்கள் என்றேன். தப்புதாம்மா, கேட்டுடலாம், இந்தாங்க தண்ணி குடிங்க என்றார்கள். பத்தொன்பது நாளில் அங்கே ஒருவர்கூட என்னிடம் “இல்லை” என்ற சொல்லைச் சொல்லவில்லை.

ஆய்வாளர் அம்மா இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டார். கதவு பூட்டியிருந்ததால்தான் அத்தனை நாள் இருந்தீர்களா என்றார். இல்லை. கதவுக்கு மேலே நான்கு எண்கள் எழுதியிருக்கும். கதவருகே உள்ள பொத்தான்களில் அவற்றைக் கடைசியிலிருந்து தலைகீழாக அழுத்தினால் கதவு திறக்கும். நினைவு தவறியவர்களுக்கு அது கைகூடாது என்பது அவர்கள் எண்ணம். ஊழியர்கள் அழுத்துவதை இரண்டாம் நாளே பார்த்துப் புரிந்துகொண்டேன். முதல் ஐந்து நாள் நான் வெளியேறாததற்குக் காரணம், என் மகள் வந்து அழைத்துப் போவாள் என்று நம்பினேன். அவளும் என்னைப் போலவே ஏமாற்றப்பட்டிருப்பாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வெளியேறாததற்குக் காரணம் வேறு. அதை இப்போது சொல்கிறேன்.

ஆறாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழரை மணிக்கு என்னைக் குளிக்க அழைத்தார்கள். நான் ஐந்தரை மணிக்குக் குளிக்கிறவள். ஏழரைக்குக் குளிக்க மாட்டேன், நாளையிலிருந்து ஐந்தரைக்கு வெந்நீர் வேண்டும் என்று சொல்லிக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெட்டை என் எதிரே மண்டியிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “சிஸ்டர் கூப்பிடுறாங்க. முகத்தைக் கழுவிட்டு வருவியாம், அழக் கூடாதாம்” என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்கு ஒன்பது வயதில் என் தாயார் இறந்துபோனார். அப்போது விடுதியில் இருந்தேன். செய்தி வந்ததும் தலைமை சிஸ்டர் அனுப்பிய விடுதி சிஸ்டர் என் எதிரே மண்டியிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அந்த வார்த்தைகளைத்தான் சொன்னார். என் கணவரிடம்கூட இதை நான் சொன்னதில்லை. வாழ்நாளில் ஒரே ஒருவரிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். என் மகளுக்கு முதல் குழந்தை பிறந்து இரண்டாம் நாளே இறந்தபோது, அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் இருந்தாள். அன்று மாலை அவள் கட்டிலருகே உட்கார்ந்து இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் முகத்தை நான் கழுவிவிட்டேன்.

நெட்டை அப்படிச் சொன்னதும் நான் எழுந்து அவருடன் போனேன். அவர் குளிப்பாட்டி, துடைத்து, உடுத்திவிடும்வரை ஒரு பேச்சும் பேசவில்லை. அதன் பிறகு அன்று முழுவதும் ஒன்றே ஒன்றைத்தான் யோசித்தேன். இந்தப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று யோசித்தேன். நான்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்ன நினைவு எனக்கு இல்லை. என் மகள் சொல்லியிருப்பாள் என்பது அன்று என் மனதில் தோன்றவே இல்லை. அப்படியானால் எனக்கு வந்திருப்பது அந்த நோய்தான், இங்கே என்னைக் கொண்டுவந்தது சரிதான் என்று முடிவுக்கு வந்தேன்.

அதன் பிறகு ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பழம் கொண்டுவந்திருந்தாள். உரித்துக் கொடுத்தாள். நான் அவளிடம், வீட்டுக்கு எப்போது போவோம் என்று கேட்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன். நான் பேசியது அப்படியே இது: “சிஸ்டர் விஷயத்தை நான் இங்க யார்கிட்டயோ சொல்லியிருக்கேன் போல. எனக்கு ஞாபகமே இல்ல. நான் அப்படி எல்லார்கிட்டயும் பேசுறேனா? உண்மையச் சொல்லு.”

அவள் தோலை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பிறகு, “நீதாம்மா சொல்லியிருப்பே. மறந்திருப்பே” என்றாள்.

அன்றிலிருந்து பத்து நாள் நான் என்னைக் கண்காணித்தேன். காலையில் எழுந்ததும் பன்னிரண்டு மாதத்து மழையளவை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். சரியாக இருக்கும். சரியாக இருக்கிறது என்று நினைப்பதே நோயோ என்று தோன்றும். சாப்பாட்டு மேசையில் பேசுவதை நிறுத்திக்கொண்டேன், எதையாவது வாய்தவறிச் சொல்லிவிடுவேனோ என்று. “என்னம்மா, டிக்கெட் வாங்காம ஏறிட்ட மாதிரி இப்படிப் பம்முறீங்க?” என்று நடத்துநர் ஒருநாள் கேட்டார். பதினாறாம் தேதி மகள் மறுபடியும் வந்தாள். நான் அமைதியாகிவிட்டதாக நெட்டையிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டுவிட்டுப் போனாள்.

இன்று காலை பத்து மணிக்கு நடத்துநர் நாற்காலியிலிருந்து எழும்போது கால் தடுமாறி விழுந்தார். நெட்டை கையில் வைத்திருந்த கோப்புகளை என் மேசைமேல் போட்டுவிட்டு ஓடினார். மேலே இருந்த கோப்பில் என் பெயரும் புகைப்படமும் இருந்தன. என் பெயர் எழுதிய ஒன்றைப் படிக்க எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதால் எடுத்துப் படித்தேன்.

அதில் மருத்துவர் சான்று ஒன்று இருந்தது. மற்ற ஆறு பக்கமும் என் மகள் கையெழுத்து. அங்கே சேரும் ஒவ்வொருவரைப் பற்றியும் குடும்பத்தார் இப்படி எழுதித் தர வேண்டுமாம். என்ன பிடிக்கும், எதற்குக் கோபப்படுவார், எதைச் சொன்னால் அடங்குவார் என்று கேள்விகள் அச்சடித்திருந்தன. முதல் பக்கத்தில் இருந்த தேதி, மருத்துவர் என்னைக் கேள்வி கேட்ட நாளுக்கு ஐந்து வாரம் முந்தையது. சேர்க்கக் காரணம் என்ற இடத்தில், மறதி அதிகமாகிவிட்டது, நாங்கள் விரைவில் ஊர் மாறுகிறோம், இங்கே வேறு உறவினர் இல்லை என்று எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. நான்காம் பக்கத்தில், ஒத்துழைக்க மறுத்தால் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு எதிரே, எதிரில் மண்டியிட்டு உட்கார வேண்டும், இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தொடங்கி, சிஸ்டர் சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல் மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தாள். அதன் கீழே, “உடனே கேட்பார்” என்று எழுதி, அடிக்கோடு இட்டிருந்தாள்.

நெட்டை திரும்பி வந்தார். நடத்துநருக்கு அடி எதுவும் இல்லை. என் கையில் கோப்பைப் பார்த்ததும், “உங்க பொண்ணு எழுதிக் குடுத்ததும்மா. எல்லாருக்கும் வாங்குறதுதான். எனக்குத் தெரியாதும்மா அது உங்களுக்கு இவ்வளவு...” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை.

அதன் பிறகு நான் செருப்பை மாட்டிக்கொண்டு, கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவருகே போய் எண்களை அழுத்தினேன். நடத்துநர் நாற்காலியிலிருந்தே, “படியில நிக்காம உள்ள போங்க. ரைட், போலாம்” என்றார். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தி, பூட்டிக்கொண்டதா என்று ஒருமுறை தள்ளிப் பார்த்தேன். உள்ளே இருந்தவர்களில் வெளியே வரக் கூடாதவர்கள் உண்டு. நேரம் பத்து நாற்பது. பிரதான வாசலில் காவலாளி வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். பேருந்தில் ஏறி மூன்றாம் நிறுத்தத்தில் இறங்கி இங்கே நடந்து வந்தேன்.

நான் உள்ளே வந்தபோது எழுத்தர் தொலைபேசியில் கேட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலர் கேட்டார். புகார் கொடுக்க வேண்டும் என்று என் பெயரைச் சொன்னேன். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். அவர் எழுதிக்கொண்டிருந்தது நான் காணாமல் போனதாக மேலாளர் கொடுத்த தகவல். அதில், கண்டால் மறுத்துப் பேச வேண்டாம் என்றும் இருந்தது. அதனால் அதன் பிறகு நான் சொன்ன எல்லாவற்றுக்கும் காவலர், “ஆமாம்மா, சரிம்மா, உக்காருங்கம்மா” என்றார். இன்று ஞாயிற்றுக்கிழமை அல்லவா என்று வேண்டுமென்றே கேட்டேன். “ஆமாம்மா, ஞாயித்துக்கிழமைதான்” என்றார். இன்று புதன்கிழமை, உங்களுக்கு வேண்டுமானால் ஒரு நல்ல இடம் இருக்கிறது, நான் சிபாரிசு செய்கிறேன் என்று சொன்னேன். எழுத்தர் சிரித்துவிட்டார்.

அப்போது ஆய்வாளர் அம்மா தம் அறையிலிருந்து வந்தார். கோப்பை வாங்கி முழுவதும் படித்தார். குடியிருப்பின் மேல் இன்றே நடவடிக்கை எடுத்து மேலாளரை இங்கே வரவழைக்க வேண்டும் என்று கேட்டேன். “இல்லம்மா. அதெல்லாம் உடனே முடியாது. மருத்துவர் சான்று இருக்கு, உங்க பொண்ணு கையெழுத்து இருக்கு. முதல்ல நீங்க சொல்றதைப் பதிவு பண்றேன். நாளைக்கு அரசு மருத்துவர் உங்களைப் பார்க்கணும். அவர் கேக்குறதுக்கு மரியாதையா பதில் சொல்வீங்களா?” என்றார். என்னிடம் “இல்லை” என்று சொன்னதற்காக அவருக்கு நன்றி தெரிவித்தேன். மருத்துவர் என்ன கேட்டாலும் பதில் சொல்வேன் என்று உறுதி கூறினேன்.

இந்த இடம்வரை எழுதியிருந்தபோது என் மகள் வந்து சேர்ந்தாள். தலை கலைந்திருந்தது. “ஏம்மா இப்படிப் பண்றே? பஸ்ல அடிகிடி பட்டிருந்தா?” என்று கேட்டாள். ஆய்வாளர் அம்மா அவளை உட்காரச் சொன்னார். உட்காராமலே பேசினாள். அவள் பேசியதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

“எத்தனை தடவ கூப்பிட்டேன் உன்னை? நீ வரலை. தனியா விட்டுட்டும் போக முடியாது, அவங்க ரூல்ஸ் அப்படி. நான் என்னதான் பண்ணட்டும்? நீயே சொல்லும்மா.”

நான் வர மறுத்தது உண்மை என்று சொன்னேன்.

“நீ முரண்டு பிடிப்பேன்னு எனக்குத் தெரியும். முரண்டு பிடிச்சா ரெண்டு பேரா சேர்ந்து தூக்கிட்டுப் போவாங்கம்மா, நான் பார்த்திருக்கேன். உன்னை யாரும் அப்படித் தொடக் கூடாதுன்னுதான் அதை எழுதினேன்.”

அதையும் நம்புகிறேன் என்று சொன்னேன். உண்மையாகவே நம்புகிறேன். பிறகு, ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் எழுத்தரின் தாளைப் பார்த்தாள். இரண்டாம் முறையும் கேட்டேன்.

“நீயே நம்ப ஆரம்பிச்சிட்டேன்னு தெரிஞ்சுது. அப்புறம் ஈஸியா இருந்துச்சு” என்றாள்.

என்னைப் பொய் சொல்லி அழைத்துச் சென்றதற்காகவோ பூட்டிய கதவுக்குள் வைத்ததற்காகவோ என் மகள் மேல் நடவடிக்கை எடுக்கும்படி நான் கேட்கவில்லை. ஒன்பதாம் தேதி அவள் சொன்ன பதிலுக்குத் தண்டனை தரும் சட்டம் எதுவும் இல்லை என்று ஆய்வாளர் அம்மா சொன்னார். இருந்தாலும் அந்தப் பதில் இந்த வாக்குமூலத்தில் பதிவாக வேண்டும். இனி எந்தத் தாளிலும் என் சார்பில் அவள் கையெழுத்து செல்லுபடியாகக் கூடாது என்று எழுத்து மூலம் தெரிவிக்கிறேன். என் வீட்டுச் சாவியைத் திருப்பித் தரும்படி ஆய்வாளர் அம்மா மேலாளரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டார். குடியிருப்பு விண்ணப்பத்தில் மகளின் பெயரை நான் நீக்கிவிட்டு, அவசரத்துக்கு வேறு ஆள் காட்டாவிட்டால், விதிப்படி அந்த வீட்டையும் மாத முடிவில் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று மேலாளர் தெரிவித்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நீக்குகிறேன். வேறு வீடு பார்ப்பேன்.

எழுத்தர் கடைசியாக ஒரு படிவத்தை எடுத்தார். காணாமல் போனதாகத் தகவல் வந்தவர் கிடைத்துவிட்டால், அவரை உறவினரிடம் ஒப்படைத்ததாக அதில் எழுதி, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து வாங்க வேண்டுமாம். என் மகள் வந்து மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தாள். எங்கே போட வேண்டும் என்று எழுத்தரிடம் கேட்டாள். நான் கையை நீட்டினேன். சிறிது நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு கொடுத்துவிட்டாள்.

“அப்படி வழக்கம் இல்லையே மேடம்” என்றார் எழுத்தர். “அவங்களே வந்தாங்க, அவங்களே போறாங்க. போடட்டும்” என்றார் ஆய்வாளர் அம்மா.

இந்த வாக்குமூலத்தை எழுத்தர் எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை, யாருடைய வற்புறுத்தலிலும் சொல்லவில்லை. இதன் கீழும், அந்தப் படிவத்தில் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன். உறவுமுறை என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன்.

(கையெழுத்து)
பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம்